நீக்கிய கடிதம் எங்கே போகிறது?



இந்த மாதப் பாடம் கம்ப்யூட்டரைப் பற்றியது. 'நமக்கு எதற்கு இது?' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளையின் கல்வி உதவி விண்ணப்பமும், உங்கள் குடும்பத்தின் மருத்துவச் சான்றும் இன்று நமது அலுவலகத்துக்குப் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வருகின்றன. அந்தப் பெட்டி நிரம்பினால் என்ன ஆகும் என்பதைச் சில மாதங்களுக்கு முன் நான் அனுபவித்தேன். தவறு என்னுடையது. அதைச் சொல்லியே தொடங்குகிறேன்.

நமது அலுவலகக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரல் இருக்கிறது. மொஸில்லா 2004-இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது, இலவசமாகக் கிடைப்பது. நமக்கு வரும் கடிதங்களை எல்லாம் அது இறக்கி, கம்ப்யூட்டரிலேயே சேர்த்து வைக்கிறது. ஒரு நாள் பார்த்தபோது வட்டில் 4 ஜி.பி. இடம் மட்டுமே மிச்சம் இருந்தது. மின்னஞ்சல் அடைவின் அளவோ 14.2 ஜி.பி. 'பழையதை நீக்கினால் சரியாகிவிடும்' என்று எண்ணி, மூன்று நாட்கள் மக்ரிப் முதல் இஷா வரை உட்கார்ந்து நீக்கினேன். சுமார் 3.7 ஜி.பி. அளவுக் கடிதங்கள் பெட்டியிலிருந்து மறைந்தன. மன நிறைவோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் முதல் புதிய கடிதம் ஒன்றும் இறங்கவில்லை. யாரும் எழுதவில்லை போலும் என்று இருந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு சகோதரர் போன் செய்தார். "பாய், ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்டிமேட் அனுப்பிவிட்டார்களே, பார்த்தீர்களா?" என்று கேட்டார். அவருடைய தாயாரின் அறுவைச் சிகிச்சைக்கான செலவு மதிப்பீடு அது. கடிதம் சர்வரில் காத்துக் கிடந்தது. நம் கம்ப்யூட்டரில் அதை இறக்க இடமில்லை. பணம் இரண்டு நாள் தாமதமாகப் போனது, சிகிச்சை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போனது. அல்ஹம்துலில்லாஹ், தாயார் நலமாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு வாரம் அவர் பட்ட வலிக்கு நானும் ஒரு காரணம்.

இடத்தை விடுவிக்கத்தான் நீக்கினேன். நீக்கியதே இடத்தை அடைத்துவிட்டது. எப்படி?

பள்ளம் மூடாத சுரங்கம்

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டி எடுக்கிறார்கள், பழுப்பு நிலக்கரியை எடுக்கிறார்கள். நிலக்கரி போய்விட்டது என்பதற்காக அந்த நிலம் உடனே நமக்குப் பயன்படுமா? பள்ளம் அப்படியே கிடக்கும். கன்வேயரில் வந்த மண்ணை ஸ்ப்ரெடர் கொட்டி நிரப்பிச் சமப்படுத்திய பிறகுதான் அது மறுபடி நிலம் ஆகும்.

தண்டர்பேர்ட் இயல்பாகக் கடிதங்களை வைக்கும் முறையும் இப்படித்தான். இன்பாக்ஸில் ஆயிரம் கடிதம் இருந்தால் வட்டில் ஆயிரம் கோப்புகள் இருக்காது. எல்லாக் கடிதங்களும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே நீண்ட கோப்பில் எழுதப்பட்டிருக்கும். இந்த முறைக்கு எம்பாக்ஸ் என்று பெயர். யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் பழைய முறை. நடுவில் உள்ள ஒரு கடிதத்தை நாம் நீக்கும்போது, நிரல் அதை வெட்டி எடுப்பதில்லை. 'இது நீக்கப்பட்டது' என்று ஓர் அடையாளம் மட்டும் போடுகிறது. கணக்குப் பேரேட்டில் ஒரு வரியைக் கோடு போட்டு அடிப்பது போல. வரி அடிபட்டாலும் பேரேட்டின் பக்கம் குறைவதில்லை அல்லவா?

ஒவ்வொரு முறை நீக்கும்போதும் 10 ஜி.பி. கோப்பைத் திருப்பி எழுதினால் ஒரு கடிதத்தை நீக்கப் பல நிமிடங்கள் ஆகும். வேகத்துக்காகவே இந்த ஏற்பாடு.

இன்னொன்றும் நடக்கிறது. நீக்கிய கடிதம் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. குப்பைத்தொட்டி என்பதும் ஒரு தனிக் கோப்பு. ஆகவே கடிதத்தின் ஒரு பிரதி அங்கே புதிதாக எழுதப்படுகிறது. இன்பாக்ஸில் இருந்த பழைய பிரதியும் அடையாளத்தோடு கிடக்கிறது. நான் நீக்கிய 3.7 ஜி.பி. இரண்டு இடங்களில் உட்கார்ந்தது. 14.2 ஜி.பி. அடைவு 17.9 ஆனது. மிச்சமிருந்த 4 ஜி.பி. கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்தது.

காம்பேக்ட் என்பது என்ன?

இதற்கான மருந்து 'காம்பேக்ட்' என்ற கட்டளை. அடித்த வரிகளை விட்டுவிட்டு, நல்ல வரிகளை மட்டும் புதுப் பேரேட்டில் படியெடுத்து, பழைய பேரேட்டை அப்புறப்படுத்துவதே அது. மிஞ்சியிருக்கும் கடிதங்களில் ஓர் எழுத்துகூடக் குறைவதில்லை. கோப்புகளை ஸிப் செய்து நசுக்குவது வேறு, இது வேறு.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்டர்பேர்ட் இதை அவ்வப்போது நம்மிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வீணாகும் இடம் ஓர் அளவைத் தாண்டியதும், 'காம்பேக்ட் செய்யலாமா?' என்று ஒரு கட்டம் வரும். அது என்னவென்று தெரியாமல் நானும், எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் 'வேண்டாம்' என்றே அழுத்தியிருக்கிறோம். கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

பிறகு பாலிடெக்னிக் படிக்கும் நம் மஹல்லாவைச் சேர்ந்த தம்பி ஒருவரின் துணையோடு முறையாகச் செய்தோம். குப்பைத்தொட்டியைக் காலி செய்ததும் 14.2-க்குத் திரும்பியது. காம்பேக்ட் செய்ததும் 7.3 ஆனது. நான் நீக்கிய 3.7-உம், பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த 3.2 ஜி.பி. பள்ளமும் ஒருசேரப் போயின.

அவுட்லுக் வைத்திருப்போருக்கு

கடை, அலுவலகங்களில் பலர் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் வைத்திருக்கிறார்கள். அதில் கடிதங்கள் பி.எஸ்.டி. என்ற கோப்பில் இருக்கும். அங்கும் இதே கதைதான்: நீக்கினாலும் கோப்பின் அளவு உடனே குறைவதில்லை. பழைய பதிப்புகளில் இந்தக் கோப்பு 2 ஜி.பி.-யைத் தாண்ட முடியாது, தாண்டினால் கெட்டுப்போகும். 2003 பதிப்பில் வந்த புதிய வடிவத்துக்கு 20 ஜி.பி., 2010 முதல் 50 ஜி.பி. என்று வரம்பு உயர்ந்தது. உங்கள் கடையில் இருபது ஆண்டு பழைய கோப்பு ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதன் அளவை இன்றே பாருங்கள்.

செய்முறை: 'ஃபைல்', 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்', 'டேட்டா ஃபைல்ஸ்' என்று போய், கோப்பைத் தேர்ந்து 'செட்டிங்ஸ்' அழுத்துங்கள். அங்கே 'காம்பேக்ட் நவ்' என்ற பொத்தான் இருக்கும்.

நீக்கியும் நீங்காத கடிதம்

இட நெருக்கடியைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அன்று கண்டேன்.

கோப்பு எப்படி இருக்கிறது என்று காட்டுவதற்காக, காம்பேக்ட் செய்வதற்கு முன் அந்தத் தம்பி இன்பாக்ஸ் கோப்பை நோட்பேட் போன்ற ஒரு நிரலில் திறந்தார். திரையில் ஒரு கடிதம் தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி பிரௌசிங் சென்டரில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பியது. தன் குடும்பச் சிரமத்தை, பிறரிடம் சொல்ல முடியாததை, நம்மிடம் எழுதியிருந்தார். 'படித்தபின் அழித்துவிடுங்கள்' என்றும் கேட்டிருந்தார். நான் அன்றே அழித்தேன். அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

கடிதம் அங்கேயே இருந்தது, பெயரோடும் கதவு எண்ணோடும். தம்பி சட்டென்று கோப்பை மூடிவிட்டு, "மாமா, நான் படிக்கவில்லை" என்றார். அவர் கண்ணியமான பிள்ளை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க எத்தனை பேரிடம் கொடுத்திருக்கிறோம்?

ஸகாத், ஸதகா பொருள் நம்மிடம் அமானத் என்று அனைவரும் அறிவோம். உதவி கேட்டு வருபவரின் கடிதமும் அமானத்தான். பெட்டியில் வாங்கிய ரூபாய்க்குக் கணக்கு வைக்கிறோம். வாங்கிய ரகசியத்துக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறோம்? சட்டமும் இதையே சொல்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக ஒருவரின் விவரத்தை வாங்கினோமோ அந்த நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை, அதை அழிக்க வேண்டும் என்கிறது.

காம்பேக்ட் செய்தால்கூட முழு நிம்மதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கோப்பின் தடயம், வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை வட்டில் இருக்கலாம். நாம் எடுத்து வைத்த பழைய நகல்களிலும் அந்தக் கடிதம் இருக்கும். எனவே கம்ப்யூட்டரை விற்கும்போதோ பழைய இரும்புக் கடையில் போடும்போதோ வட்டை முழுமையாக அழித்த பிறகே கைமாற்ற வேண்டும்.

எதை வைப்பது, எதை நீக்குவது?

எல்லாவற்றையும் அழித்துவிடுவதும் பிழை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் கட்டளையிடுகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுதான். எழுதி வைப்பதும் எழுதியதைக் காப்பதும் நம் கடமை. வருமானவரி விதிகளில் 2022-இல் சேர்த்த 17ஏஏ விதி, பதிவு பெற்ற அறக்கட்டளைகள் தம் கணக்குப் பதிவுகளைத் தொடர்புடைய மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 10 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. நீக்கத் தொடங்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நாங்கள் மூன்றாகப் பிரித்தோம்.

1. வைக்க வேண்டியவை: ரசீதுகள், வங்கிக் கடிதங்கள், உதவி வழங்கியதற்கான ஒப்புதல்கள், அரசு அலுவலகக் கடிதங்கள்.

2. பிரித்து வைக்க வேண்டியவை: கடிதம் முக்கியம், ஆனால் இணைப்பு பெரிது. தண்டர்பேர்டில் இணைப்பின் மேல் வலப்புறப் பொத்தானை அழுத்தி 'டிடாச்' என்று கொடுத்தால், இணைப்பு நாம் சொல்லும் அடைவில் சேமிக்கப்பட்டு, கடிதம் மட்டும் பெட்டியில் நிற்கும்.

3. நீக்க வேண்டியவை: விளம்பரங்கள், ஒரே நோட்டீஸின் பத்துப் பிரதிகள், வேலை முடிந்துபோன ஆதார் நகல்கள், அழிக்கும்படி கேட்டுக்கொண்ட கடிதங்கள்.

இடத்தைத் தின்பது எழுத்தல்ல, படம்

'தமிழில் எழுதினால் இடம் அதிகம் பிடிக்குமாமே?' என்று ஒருவர் கேட்டார். பாதி உண்மை. யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். 'மு' என்பது மகரமும் உகரக் குறியும் சேர்ந்தது, ஆகவே 6 பைட். இருந்தாலும் 1,500 குறிகள் கொண்ட ஒரு பக்கக் கடிதம் 4,500 பைட்தான். போனில் எடுத்த 4 எம்.பி. படம் ஒன்று அப்படிப்பட்ட சுமார் 900 கடிதங்களுக்குச் சமம்.

மேலும், மின்னஞ்சல் பிறந்த காலத்தில் அது வெறும் எழுத்துக்காகவே உருவானது. அதனால் படத்தையும் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறது. இந்த மாற்றத்தில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 ஆகிறது. நீங்கள் அனுப்பும் 6 எம்.பி. கோப்பு நம் பெட்டியில் 8 எம்.பி.-க்கு மேல் இடம் பிடிக்கிறது.

ஆகவே விண்ணப்பிப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஓர் ஏ4 தாளை 300 டி.பி.ஐ.-இல் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் அதன் மூல அளவு சுமார் 26 எம்.பி. அதையே 200 டி.பி.ஐ.-இல் சாம்பல் நிறத்தில் எடுத்தால் 4 எம்.பி.-க்கும் குறைவு. பி.டி.எஃப். ஆக்கும்போது இரண்டுமே வெகுவாகச் சுருங்கும்; ஆனாலும் முதலாவது பெரிதாகத்தான் இருக்கும். மதிப்பெண் சான்றைப் படிக்க 200 டி.பி.ஐ. தாராளம். ஸ்கேன் கடையில் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

செய்யும் வரிசை

வரிசை மாறினால் நான் பட்டது உங்களுக்கும் நேரும்.

1. தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் ப்ரொஃபைல் அடைவு முழுவதையும் வெளி வட்டில் நகலெடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், நிரலின் 'ஹெல்ப்' பட்டியில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்பதைத் திறங்கள். 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரிக்கு எதிரே திறக்கும் பொத்தான் இருக்கும்.

2. வட்டில் காலி இடத்தைப் பாருங்கள். புதுப் பேரேட்டில் படியெடுக்கும் வரை பழையதும் இருக்குமே. ஆகவே உங்களின் மிகப் பெரிய பெட்டி எவ்வளவோ அவ்வளவு இடம் காலியாக வேண்டும். எங்களுக்கு அது இல்லை. ஆண்டு விழா வீடியோக்களை வெளி வட்டுக்கு மாற்றிய பிறகே தொடங்க முடிந்தது.

3. இணைப்புகளைப் பிரியுங்கள். வேண்டாதவற்றை நீக்குங்கள்.

4. குப்பைத்தொட்டியையும் 'ஜங்க்' பெட்டியையும் காலி செய்யுங்கள்.

5. 'ஃபைல்' பட்டியில் 'காம்பேக்ட் ஃபோல்டர்ஸ்' அழுத்துங்கள். பட்டி தெரியாவிட்டால் ஆல்ட் விசையைத் தட்டுங்கள். முடியும் வரை நிரலை மூடாதீர்கள், வேறு வேலை செய்யாதீர்கள். மின்சாரம் விளையும் ஊரில் இருந்தாலும் யு.பி.எஸ். இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

6. முடிந்ததும் நாலைந்து பழைய கடிதங்களைத் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் ஒரு மாதம் கழித்துப் பழைய நகலையும் அழியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் கணக்கு ஐமேப் முறையில் இணைந்திருந்தால், கம்ப்யூட்டரில் நீக்குவது சர்வரிலும் போனிலும் நீங்கும். பாப் முறையில் இணைந்து, சர்வரில் பிரதி வைக்காமல் இருந்தால், கம்ப்யூட்டரில் இருப்பதே ஒரே பிரதி. எந்த முறை என்று தெரியாமல் நீக்கத் தொடங்காதீர்கள்.

போன் மட்டும் வைத்திருப்போருக்கு

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஜிமெயில். அதில் காம்பேக்ட் வேலை நமக்கில்லை, சர்வரே பார்த்துக்கொள்கிறது. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. கடிதத்துக்கு மட்டுமானது அல்ல. ட்ரைவும் ஃபோட்டோஸும் அதே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1 முதல் பதிவேற்றும் படங்கள் அந்தக் கணக்கில் சேர்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் எடுத்து வைக்கும் நகலும் இப்போது அதில்தான் சேர்கிறது. இடம் தீர்ந்தால் கடிதம் வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். காலை வணக்க வீடியோக்கள் நிரம்பியதால் பிள்ளையின் வேலை நேர்காணல் கடிதம் திரும்பிப் போகலாம்.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் ஓரத்திலுள்ள வடிகட்டிக் குறியை அழுத்தி, அளவு என்ற இடத்தில் '10 எம்.பி.-க்கு மேல்' என்று கொடுங்கள். பெரிய கடிதங்கள் வரிசையாக வரும். வேண்டியதைச் சேமித்துவிட்டு மற்றதை நீக்குங்கள். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடந்த பிறகே அவை தாமாக அழியும். அவசரமென்றால் நீங்களே காலி செய்யுங்கள்.

இனி நமது அலுவலகத்தில்

மாதத்தின் முதல் ஞாயிறு பெட்டியைப் பிரித்து, நகலெடுத்து, காம்பேக்ட் செய்வது என்று வைத்துக்கொண்டுள்ளோம். செய்த தேதியும், முன்னும் பின்னும் இருந்த அளவும் ஒரு நோட்டில் எழுதப்படுகின்றன. உதவி முடிந்த குடும்பத்தின் அடையாளச் சான்று நகல்கள், ஆடிட்டர் வைக்கச் சொன்னவை தவிர, அழிக்கப்படுகின்றன.

அந்தச் சகோதரியை நேரில் கண்டு நடந்ததைச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று சிலர் கூறினார்கள். அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னவன் நான். அது உண்மையாக இல்லாதபோது, உண்மையைச் சொல்ல வேண்டியவனும் நான்தான். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்போது போய்விட்டதா, பாய்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போய்விட்டது என்றும், பழைய நகல் வட்டுகள் இரண்டையும் அழிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றும் சொன்னேன். அந்த வாரமே இரண்டும் அழிக்கப்பட்டன.

உங்கள் வீட்டு மடிக்கணினியிலோ போனிலோ இதைச் செய்யத் தயக்கம் இருந்தால், ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்